பெனிட்டாவுக்கு நான் போட்ட இரண்டு மதிப்பெண்

பெனிட்டா எழுதிய விடை சரியானது. சரியென்று தெரிந்தே அதைத் தவறு என்று சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

'ஒரு பரீட்சைத் தாள்தானே, இதற்கா இவ்வளவு?' என்று நீங்கள் நினைக்கக்கூடும். தாராளமாக நினையுங்கள். எட்டு வருடமாக நானும் அதையேதான் எனக்குச் சொல்லிப் பார்க்கிறேன்... ஒட்டவில்லை. அந்த ஒரு தாளோடு ஒருத்தியின் படிப்பு நின்றது. நிறுத்தியவள் நான்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் உமா. திருவனந்தபுரத்தில், ஆரியசாலையில் பிறந்தவள். அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் மொத்தப் பருப்புக் கடை. எங்கள் உறவில் பெண்கள் பி.காம். முடித்தாலே 'போதும் தாயே' என்பார்கள். நானோ கணினி அறிவியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தேன். அதிலும் கணினியைத் தொடவே வேண்டாத பிரிவு! எந்தக் கணக்கைக் கணினியால் தீர்க்க முடியும், எதை என்றைக்குமே முடியாது, முடிந்தாலும் எவ்வளவு காலம் பிடிக்கும் என்று தாளும் பேனாவுமாக உட்கார்ந்து ஆராய்கிற பிரிவு. கடைக்கு வருகிறவர்கள் 'மகள் என்ன படிக்கா?' என்று கேட்டால் அப்பா 'கம்ப்யூட்டர்' என்பார். 'எந்தக் கம்பெனியில சேரப்போறா?' என்று அடுத்த கேள்வி வந்தால் பேச்சை மாற்றிவிடுவார்.

அப்போது எனக்கு ஐந்தாம் வருடம். என்னுடைய ஆய்வுச் சிக்கல் எளிமையாகச் சொல்லக்கூடியதுதான். குறிப்பிட்ட ஒரு கணக்கை இத்தனை படிகளுக்குக் குறைவாகச் செய்யவே முடியாது என்று நிறுவ வேண்டும். முடியும் என்று காட்ட ஒரு வழி கண்டுபிடித்தால் போதும். முடியாது என்று காட்ட, இதுவரை எவரும் யோசிக்காத வழிகளையும் சேர்த்து அடைக்க வேண்டும். ஐந்து வருடத்தில் நான் ஒரு வழியைக்கூட அடைக்கவில்லை. என்னோடு சேர்ந்தவர்கள் பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள். நான் மட்டும் அந்த ஆய்வகத்தின் பழைய மர அலமாரியைப் போல மூலையில் இருந்தேன்.

பெனிட்டா எம்.டெக். முதல் வருடத்தில் வந்தாள். பாறசாலையிலிருந்து தினமும் காலை பாசஞ்சர் ரயிலில் வருவாள். தகப்பனார் ரப்பர் வெட்டுகிறவர், சபைக் கமிட்டியில் இருப்பவர். அந்தத் துறையில் தமிழ் பேசியவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டுமே. மத்தியானம் நாங்கள் சேர்ந்து உட்கார்ந்தால் மற்றவர்கள் 'தமிழ்ச் சங்கம் கூடியோ?' என்று கேலி செய்வார்கள்.

நான் மீன் தொடமாட்டேன் என்று தெரிந்ததிலிருந்து எனக்கென்று தனி டப்பாவில் வேகவைத்த மரச்சீனிக் கிழங்கும் மிளகாய்த் துவையலும் கொண்டுவருவாள். "அம்மா வேற கரண்டி போட்டு எடுத்ததாக்கும், பயப்படாம சாப்பிடுங்க அக்கா" என்பாள். நான் சாப்பிட்டேன். பரீட்சைக்கு முந்தைய நாள்கூடச் சாப்பிட்டேன்.

என் ஆய்வு வழிகாட்டியான பேராசிரியர்தான் அவர்கள் வகுப்புக்குக் கணிமைக் கோட்பாடு எடுத்தார். சார் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன், பெயர் வேண்டாம். நான் அவருக்கு உதவியாளர். வினாத்தாளில் கடைசிக் கேள்வியை என்னையே எழுதச் சொன்னார். எழுதினேன். மாதிரி விடையும் நானே எழுதினேன், இரண்டரைப் பக்கம். அந்த இரண்டரைப் பக்கத்தின் மேல் எனக்கிருந்த பெருமையை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது. ஐந்து வருடத்தில் முழுதாக முடிந்த ஒரே நிரூபணம் அது!

இங்கே கொஞ்சம் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், இது தெரியாமல் என் குற்றம் உங்களுக்கு விளங்காது.

எந்த நிரலைக் கொடுத்தாலும், அது ஓடி முடிந்து நிற்குமா, நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்குமா என்று முன்கூட்டிச் சொல்லக்கூடிய பொது வழி கிடையாது. இது நிரூபிக்கப்பட்ட உண்மை. நிற்றல் சிக்கல் என்போம். இன்னொரு புதிய சிக்கலும் இதே போல் தீராதது என்று காட்ட வேண்டுமா? பழைய நிற்றல் சிக்கலைப் புதியதாக மாற்றிக் காட்ட வேண்டும். புதியது தீர்ந்தால் பழையதும் தீர்ந்துவிடுமே, அது நடக்காதே, ஆகவே புதியதும் தீராது. பழையதிலிருந்து புதியதற்கு... அதுதான் திசை.

மாணவர்கள் பரீட்சைப் பதற்றத்தில் தலைகீழாகப் போவார்கள். புதியதைப் பழையதாக மாற்றிவிட்டு, 'ஆகவே தீராது' என்று கோடு போட்டு முடிப்பார்கள். அதில் ஒன்றும் நிரூபணமாகாது. சுலபமான கணக்கையும் சுற்றி வளைத்துக் கடினமான கணக்காக எழுதிவிடலாமே! வருடந்தோறும் பாதி வகுப்பு இந்தக் குழியில்தான் விழும். அதனால் சார் ஒரு விதி வைத்திருந்தார். எதிலிருந்து எதற்கு மாற்றுகிறோம் என்று முதல் வரியிலேயே எழுத வேண்டும்.

திருத்துகிறவளுக்கு அது எத்தனை வசதி தெரியுமா? முதல் வரியைப் பார்த்தால் போதும். திசை மாறியிருந்தால் சிவப்பு மையில் 'திசை தவறு', இருபதுக்கு இரண்டு, அடுத்த தாள். அந்த இரண்டும் முயற்சிக்காகப் போடும் பிச்சை. அன்றைக்கு அப்படிப் பத்துப் பன்னிரண்டு தாள்களைத் தள்ளினேன். பெனிட்டாவின் தாளும் அதில் ஒன்று. 'புதிய சிக்கலை நிற்றல் சிக்கலாக மாற்றுகிறேன்' என்று அவள் முதல் வரி ஒளிக்காமல் சொன்னது. பக்கத்தின் அடியில் சின்னதாக ஓர் அம்புக்குறி இருந்தது. நான் தாளைப் புரட்டவில்லை.

இதுவரை நடந்தது அவசரம். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், அதோடு போயிருக்கும். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. குற்றம் இனிமேல்தான்.

திருத்திய தாள்களை மாணவர்களுக்குக் காட்டுவது வழக்கம். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், ஆய்வகத்தில், அரை மணி நேரம். அவரவர் தாளை வாங்கிப் பார்த்து, கூட்டல் பிழை இருந்தால் சொல்லலாம். எல்லாரும் கால் மார்க்குக்கும் அரை மார்க்குக்கும் மல்லுக்கட்டிவிட்டுப் போன பிறகு பெனிட்டா என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, பின்பக்கம் பாத்தியளா?"

"திசை மாறிப்போச்சே பெனிட்டா. பின்பக்கத்துல என்ன இருந்து என்ன?"

"இல்லக்கா, ஒரு தடவ பாருங்களேன். தப்பா இருந்தா சாரமில்ல, விட்டிரலாம்."

பார்த்தேன். ஆறு வரி. அவ்வளவே.

அவள் சொன்னது இதுதான். முன்பக்கத்தில் செய்த மாற்றம் நிற்றல் சிக்கலின் ஒரு வடிவத்தைக்கூட விடவில்லை. எதை எடுத்தாலும், அதுவாக மாறக்கூடிய புதிய சிக்கலின் வடிவம் ஒன்று கட்டாயம் உண்டு. அப்படியானால் நிற்றல் சிக்கலில் எதைக் கொடுத்தாலும், புதிய சிக்கலின் வடிவங்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து மாற்றிக்கொண்டே போகலாம். எங்கேனும் ஓரிடத்தில் பொருந்தியே தீரும். பொருந்தியதும் நிறுத்தலாம். ஆகவே திரும்பி வரும் பாதையும் கிடைத்துவிட்டது. பழையதிலிருந்து புதியதற்கு!

இரண்டாம் முறை வாசித்தேன். ஓட்டை தேடினேன். மனதார, வெறியோடு தேடினேன்... இல்லை. என் இரண்டரைப் பக்கம் மாடிப்படி ஏறி இறங்கிச் செய்ததை அவள் ஆறு வரியில் செய்திருந்தாள். இப்படி ஒரு வழி இருப்பது கேள்வி எழுதிய எனக்கே தோன்றவில்லை. பாறசாலை ரயிலில் வந்து, பரீட்சை மேசையில் உட்கார்ந்து, அரை மணியில் இவளுக்குத் தோன்றியிருக்கிறது.

அந்த நேரம் எனக்கு என்ன வந்தது என்று உங்களிடம் நேராகச் சொல்கிறேன். வயிற்றெரிச்சல். வேறு பெயர் ஒன்றும் இல்லை அதற்கு. நான் ஐந்து வருடமாக எட்டி எட்டிப் பார்த்த இடத்தில் இந்தப் பெண் பிறக்கும்போதே இருந்திருக்கிறாள்.

"முதல் வரியில திசையை எழுதணும்னு சார் அத்தனை தடவை சொன்னார்ல? நீ எழுதின திசை தப்பு. அடிப்படையே தப்பா இருக்கும்போது பின்னால என்ன எழுதினாலும் மார்க்கு தர முடியாது."

அவள் தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அப்போ இந்தப் பின்பக்கம்... அது சரியா வரலியா அக்கா?"

இந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று இரண்டே பதில்கள். விதியைச் சொல்லித் தப்பிக்க முடியாத கேள்வி. மார்க்கைத் தராவிட்டாலும் போகிறது, 'விடை சரி' என்றாவது சொல்லியிருக்கலாம்.

"சரியா வரல" என்றேன்.

"செரிக்கா" என்றாள். தாளை மடித்து என்னிடம் திருப்பித் தந்தாள். சண்டை போடவில்லை. சாரிடம் போய்ச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பிற்பாடு எத்தனையோ தரம் அவள் மீதே கோபப்பட்டிருக்கிறேன். வெட்கங்கெட்டவள் நான்! உமாக்கா சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினாள். வேறு காரணம் இல்லை.

இந்தப் பதினெட்டு மதிப்பெண்ணில் என்ன போனது என்று கேட்கிறீர்களா? எம்.டெக். முதல் வருடம் முடிந்ததும் விருப்பமுள்ளவர்கள் நேரே முனைவர் பட்டப் படிப்புக்கு மாறலாம். அதற்குக் கோட்பாட்டுப் பாடத்தில் ஒரு தரத்துக்குக் குறையக் கூடாது. பெனிட்டாவுக்கு அது ஒரு படி குறைந்தது. வீட்டில் அவளுக்கு ஏற்கெனவே வரன் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். 'பிஎச்.டி.யில இடம் கெடச்சா படி, இல்லாட்டி வேலைக்குப் போ' என்று அவள் அப்பா ஒரே வார்த்தையாகச் சொல்லியிருந்தார். மரச்சீனி தின்றுகொண்டு இதையெல்லாம் கேட்டவள் நான். தெரியாமல் செய்தேன் என்று சொல்லவே வழியில்லை.

அதோடாவது நின்றேனா! தரம் குறைந்தாலும் வழிகாட்டி சிபாரிசு செய்தால் எடுத்துக்கொள்ள விதியில் இடமிருந்தது. சாருக்கு அந்த வருடம் ஓர் இடம் காலியாக இருந்தது. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, அந்தப் பாறசாலைப் பெண் எப்படி என்று மலையாளத்தில் கேட்டார்.

"ஆ பாறசாலைக்காரி குட்டி எங்ஙனெ, உமா?"

அவள் வகுப்பில் கேட்ட கேள்விகள் அவர் மனதில் இருந்திருக்கின்றன. வாசல் திறந்தே இருந்தது. அந்த ஆறு வரியை நான் அவருடைய கரும்பலகையில் எழுதிக் காட்டியிருந்தால் அந்த மனிதர் எழுந்து நின்றிருப்பார்.

"பாவமாணு சார். பக்ஷே பேசிக்ஸ் வீக்காணு."

நல்ல பெண், ஆனால் அடிப்படை பலவீனம் என்றேன். சார் தலையை ஆட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போனார். அவ்வளவுதான். ஒருத்தியின் வாழ்க்கையைத் திருப்பிவிட ஐந்து வார்த்தை போதுமாக இருந்தது.

மதிப்பெண் பட்டியலில் அவர் ஏற்கெனவே பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார். தாள்கள் கட்டாகிக் கிடங்குக்குப் போயின, விதிப்படி ஒரு வருடம் கழித்து அரைத்துக் கூழாக்கப்பட்டன. பெனிட்டா எம்.டெக். முடித்து, கழக்கூட்டம் என்ற இடத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் சேர்ந்தாள். போகும்போது என் மேசையில் ஒரு பேனா வைத்துவிட்டுப் போனாள்.

நான்? எட்டாம் வருடம் ஒரு மெலிந்த ஆய்வேட்டைக் கொடுத்துப் பட்டம் வாங்கினேன். அதை நான்கு பேர் வாசித்திருப்பார்கள், அதில் மூன்று பேர் தேர்வாளர்கள். இப்போது நகருக்கு வெளியே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் அதே பாடத்தை நடத்துகிறேன். எல்லாத் தாள்களையும் புரட்டிப் பார்க்கிறேன். பின்பக்கங்கள் காலியாகவே இருக்கின்றன. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

சொல்லிவிட வேண்டும் என்று நான் நினைக்காத மாதம் இல்லை. போனில் எழுதுவேன், அழிப்பேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை, பழவங்காடி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுச் சாலைக் கடைத்தெருவுக்குள் நுழைகிறேன், பாத்திரக் கடை வாசலில் பெனிட்டா நிற்கிறாள். கொஞ்சம் பருத்திருந்தாள். சிரிப்பு மாறவில்லை.

"உமாக்கா! சொகமா இருக்கியளா? புது வீட்டுக்குப் பால் காய்ச்சுதோம், பாத்திரம் எடுக்க வந்தேன்."

பக்கத்துக் கடையில் நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்தேன். இன்றைக்கு விட்டால் என்றைக்கும் முடியாது என்று தோன்றியது. பிள்ளையார் சுழி போடாமலே ஆரம்பித்தேன்.

"பெனிட்டா, அந்தக் கடைசிக் கேள்விக்கு நீ எழுதுன பதில் சரி. முழு மார்க்கு தந்திருக்கணும்."

"எந்தக் கேள்வி?" என்று சிரித்தாள். கடைச் சீட்டு ஒன்றின் முதுகில் எழுதினேன். ஆறு வரியும் எழுதினேன், அவள் சொற்களாலேயே. எனக்கு ஒரு புள்ளிகூட மறக்கவில்லை. அவள் மரியாதைக்காகக் குனிந்து பார்த்தாள்.

"இது புதுசுல இருந்து பழசுக்கில்லா போவுது? திசை தப்புல்லா அக்கா. நீங்கதான அன்னைக்குச் சொன்னிய."

"கீழ பாரு. திரும்பி வர வழியும் நீயே எழுதியிருக்க."

விரலை வைத்து வாசித்தாள். பாதியில் நின்றுவிட்டாள். "எனக்கு இதெல்லாம் விட்டுப்போச்சுக்கா. இப்போ பட்டன் அமுக்குனா வேல செய்யுதான்னு பாக்கியதுதான் நம்ம ஜோலி." பிறகு மெதுவாகக் கேட்டாள். "இது சரின்னு ஒங்களுக்கு எப்பம் தெரிஞ்சுது?"

உங்களிடம் முதல் வரியிலேயே சொன்னேன் அல்லவா, தெரிந்தே செய்தேன் என்று? அந்தக் கண்களைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"இப்பத்தான்... போன மாசம். பாடம் எடுக்கும்போது தோணிச்சு."

அவள் முகம் தெளிந்துவிட்டது. சீட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"பின்னே அது சரியா இருக்காதுக்கா. சரியா இருந்தா ஒங்களுக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். ரண்டு தடவ வாசிச்சிய, நான் பக்கத்துலதான நின்னேன். என் மனசு நோவப்பிடாதுன்னு இப்பம் சொல்லுதிய."

'அன்றைக்கே தெரியும்.' இரண்டே சொற்கள். அவளுக்கு இனி எந்தக் கணிதமும் நிரூபணமாகாது, அந்த இரண்டு சொற்கள் மட்டுமே நிரூபணம். தொண்டை வரை வந்தது. சர்பத்தை ஒரு வாய் குடித்து அதை உள்ளே தள்ளினேன்.

"நான் ஒண்ணும் வெசனப்படல அக்கா. அன்னைக்கு நீங்க பாவம் பாத்து மார்க்கு போட்டிருந்தா, அஞ்சாறு வருஷத்த அதுக்குள்ள தொலைச்சிருப்பேன். நமக்கு அதுக்கு ஏத்த தல இல்லன்னு நேரா சொன்னிய. செபத்துல ஒங்க பேரயும் சொல்லுவேன், தெரியுமாக்கா?"

நான் தலையை ஆட்டினேன். ஆட்டினேன்!

பால் காய்ச்சுக்கு வரச் சொல்லி முகவரி அனுப்பினாள். போகாமல் இருந்திருக்கலாம். போனேன். போதகர் செபித்தார், பால் பொங்கியது, எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கென்று தனி இலையில் மீன் படாமல் பரிமாறினாள். பிறகு தன் மாமியாரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

"அம்மா, இது உமாக்கா. எனக்குப் பாடம் சொல்லித் தந்தவங்க. மனசுல உள்ளத ஒளிக்காமச் சொல்லுவாங்க."

அந்த அம்மாள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ரொம்ப சந்தோஷம் என்றார். நானும் சந்தோஷம் என்றேன்.